'மிஸ்சிஃப்' எல்லாம் குறும்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் ஆங்கிலச் சொல் விளக்கப் பகுதியை நான் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் அதில் 'மிஸ்சிஃப்' என்ற சொல்லுக்குக் 'குறும்பு, சேட்டை' என்று பொருள் தரப்பட்டிருந்தது. ஒரு குழந்தையைப் பற்றிய எடுத்துக்காட்டு வாக்கியமும், அந்தக் குழந்தையின் சிரித்த முகத்தை வரைந்த சிறு படமும் அதனுடன் இருந்தன. அந்தப் பொருள் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே வாரத்தில், வெளிநாட்டுச் செய்திகளுக்கான பக்கத்தில், ஒரு வழிபாட்டிடத்தின் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தவர் மீது 'குறும்பு செய்ததாக' வழக்குப் பதிவாகியிருப்பதாக ஒரு செய்தி வந்திருந்தது. கல்லெறிந்து சன்னலை உடைப்பதைத் தமிழ் பேசும் எவரும் குறும்பு என்று சொல்ல மாட்டார். ஆங்கிலச் செய்தியில் 'மிஸ்சிஃப்' என்று இருந்திருக்கும். ஞாயிறு இணைப்பில் தந்த பொருளையே செய்தியை மொழிபெயர்த்தவரும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கருதுகிறேன். ஒரு சொல்லின் ஒரு முகத்தை மட்டும் காட்டினால் என்ன நேரும் என்பதைத் தங்கள் இதழின் இரு பக்கங்களே காட்டிவிட்டன என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சட்ட ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதையே பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவற்றை நானும் செய்தேன். வேலித் தகராறு ஒன்றில், பக்கத்து நிலத்துக்காரரின் வேலிக் கற்களைப் பிடுங்கி எறிந்ததாக ஒரு பெரியவர் மீது வழக்கு வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அழைப்பாணையில் இருந்த குற்றச்சாட்டைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். அகராதியைப் புரட்டினேன்; முதலில் கண்ணில் பட்டது 'குறும்பு'. அதையே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் நான் குறும்பு செய்தேனாமா?" என்று சிரித்தபடி அதை மடித்து வைத்துவிட்டார். சிறை வரை போகக்கூடிய குற்றம் தம் மீது சுமத்தப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. குறித்த நாளில் அவர் போகவில்லை. பிடியாணை வந்த பிறகுதான் குடும்பத்துக்கு விவரம் விளங்கியது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் நின்று, இரண்டு முறை படித்த பிறகே பெயர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்படி நின்று படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முற்பகுதி 'தவறாக', 'கெடுதலாக' என்று பொருள்படும்; பிற்பகுதி 'தலை'. தலைவனைக் குறிக்கும் 'சீஃப்', சமையற்கூடத்துக்குத் தலைவரான 'செஃப்', தலையை மூடும் துணியாகத் தொடங்கிய 'கர்ச்சீஃப்' ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது அதே தலைதான்; அவையனைத்துக்கும் மூலம் தலையைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒரு காரியத்தைத் தலை வரை கொண்டுபோய் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'அச்சீவ்' என்கிறார்கள். அதற்கு நேர் எதிராக, ஒரு காரியம் கெட்ட தலையில் போய் முடிந்தால் அதுவே 'மிஸ்சிஃப்'. தமிழிலும் காரியத்தை நிறைவேற்றுவதைத் 'தலைக்கட்டுதல்' என்று முன்னோர் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இந்த உருவகம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆகவே, ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிறந்தபோது அதில் விளையாட்டு சிறிதும் இல்லை. துன்பம், கேடு, அழிவு ஆகியவையே அதன் பொருள்.

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இந்தப் பழைய பொருளைத் தெளிவாகக் காணலாம். பஞ்ச காலத்தில் யாக்கோபு தம் பிள்ளைகளை எகிப்துக்குத் தானியம் வாங்க அனுப்புகிறார். ஆனால் இளையவனான பென்யமீனை மட்டும் அனுப்பவில்லை. அவனுக்கு 'மிஸ்சிஃப்' நேர்ந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். ஏற்கெனவே ஒரு மகனை இழந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் தந்தையின் அச்சம் அது. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் 'மோசம்' என்ற சொல் நிற்கிறது. உயிருக்கு வரும் கேட்டைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல் அது. இடத்துக்கு எவ்வளவு பொருத்தமான சொல் என்று வியந்திருக்கிறேன். அங்கே எவராவது 'பென்யமீனுக்குக் குறும்பு வரும்' என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆன்டனி தன் பேச்சால் கூட்டத்தை வெறியூட்டி அனுப்பிவிட்டு, தனியே நின்று இந்தச் சொல்லையே பெயரிட்டு அழைத்து, 'நீ எழுந்துவிட்டாய், இனி உனக்குப் பிடித்த வழியில் போ' என்று விடுகிறான். அதற்கு அடுத்த காட்சியில், சீசரின் கொலையில் பங்கேற்ற ஒருவனின் பெயரைத் தனக்கும் கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக, எந்தக் குற்றமும் செய்யாத கவிஞன் ஒருவனைக் கூட்டம் பிடித்துக் கொல்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடை அவ்வளவு.

இந்த எடை குறையத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில். பெரியவர்கள் செய்யும் கேட்டைக் குறித்த சொல்லைச் சிறுவர்கள் செய்யும் சிறு தொல்லைகளுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அதில் ஓர் அன்பும் கலந்துவிட்டது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 'நாட்டி' என்று இன்று குழந்தைகளைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும் சொல், 'ஒன்றும் இல்லாதது' என்ற பொருளில் தொடங்கி, பிறகு 'தீயது', 'கெட்டது' என்று ஆகி, அதன் பின்னரே குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது. நான் மேலே குறிப்பிட்ட 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில், எரேமியா கண்ட காட்சியில், தின்ன முடியாத அளவுக்குக் கெட்டுப்போன அத்திப் பழங்களை 'நாட்டி' என்றே எழுதியிருக்கிறார்கள். கனமான வசைச் சொற்களைக் குழந்தைகளிடம் பேசிப் பேசி மென்மையாக்கிக்கொள்வது மனிதர்களுக்கு இயல்பு போலும். நம் தாய்மார்கள் 'திருடா', 'போக்கிரி' என்று கொஞ்சுவதும் அதே வழியில்தான்.

ஆனால் 'மிஸ்சிஃப்' என்ற சொல்லில் ஒரு தனித்தன்மை உண்டு. 'நாட்டி' என்ற சொல்லின் பழைய பொருள் மறைந்தே போனது; இன்று யாரும் அழுகிய பழத்தை அப்படிச் சொல்வதில்லை. 'மிஸ்சிஃப்' அப்படி அல்ல. புதிய பொருள் வந்து சேர்ந்த பிறகும் பழைய பொருள் வெளியேறவில்லை. வீட்டில் ஒரு பொருளுடனும், நீதிமன்றத்தில் இன்னொரு பொருளுடனும், அரசியல் பேச்சில் மூன்றாவது பொருளுடனும் ஒரே சொல் இன்றும் வாழ்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு உள்ள இடர் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நீதிமன்றப் பொருளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் செய்தித்தாளில் அதிகம் தவறாகப் பெயர்க்கப்படுவது அதுதான். 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 425-ஆவது பிரிவு இக்குற்றத்தை இலக்கணப்படுத்தியது. பொதுமக்களுக்கோ ஒரு தனி மனிதருக்கோ முறையற்ற இழப்பை உண்டாக்கும் எண்ணத்தோடு, அல்லது அப்படி இழப்பு உண்டாகக்கூடும் என்று தெரிந்தே, ஒரு சொத்தை அழிப்பது, அல்லது அதன் மதிப்போ பயனோ குறையும்படி அதை மாற்றுவது என்பதே அதன் சாரம். அந்தப் பிரிவின் கீழ் தரப்பட்டிருந்த விளக்க எடுத்துக்காட்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. சட்ட நூலில் அவ்வளவு கண்முன் நிற்கும் காட்சிகளை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. ஒருவர் பிறருக்குச் சொந்தமான பனிக்கட்டிக் கிடங்குக்குள் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியை உருக வைக்கிறார். ஒருவர் பிறருடைய மோதிரத்தை ஆற்றில் வீசுகிறார். ஒருவர் விளைச்சலைக் கெடுக்கும் நோக்கத்தோடு அடுத்தவர் வயலில் மாடுகளை இறக்கிவிடுகிறார். ஒருவர் காப்பீடு செய்த தம் கப்பலைத் தாமே சேதப்படுத்தி, காப்பீடு தந்தவர்களுக்கு இழப்பை உண்டாக்குகிறார். இருவருக்குப் பொதுவான குதிரையை, மற்றவருக்கு நட்டம் வரட்டும் என்று ஒருவர் சுட்டுக் கொல்கிறார். கடைசி இரண்டிலும் சொத்து அவருடையதாகவோ அவருக்கும் பங்குள்ளதாகவோ இருப்பதைக் கவனிக்க வேண்டும். தம் சொத்தை அழிப்பதன் மூலமும் ஒருவர் இக்குற்றத்தைச் செய்ய முடியும் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்லியது.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் 324-ஆவது பிரிவு இக்குற்றத்தைப் பற்றியது. வீட்டையோ வழிபாட்டிடத்தையோ அழிக்கும் நோக்கத்தோடு தீ வைப்பதும் இதே சொல்லின் கீழ்தான் வருகிறது. அதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 430-ஆவது பிரிவு இதே பெயரில் உள்ளது. சொத்தைச் சேதப்படுத்துவது மட்டுமன்றி, உரியவர் அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், கணினித் தரவை அழிப்பதும் அதில் அடங்கும். உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும் வகையில் செய்தால் அங்கும் ஆயுள் தண்டனைக்கு இடமுண்டு. இவ்வளவு பெரிய குற்றத்தைத் தமிழில் 'குறும்பு' என்று எழுதும்போது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் கனம் தெரியாமல் போகிறது; வீடு எரிந்தவருக்கோ அது அவமதிப்பாக ஆகிறது. 'சொத்துச் சேதம் விளைவித்தல்' என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். தீ வைத்தது என்றால் 'தீ வைத்து அழித்தல்' என்றே எழுதிவிடலாம்.

'பப்ளிக் மிஸ்சிஃப்' என்ற தொடர் இன்னும் கவனத்துக்கு உரியது. இந்தியச் சட்டத்தில், முன்பு 505-ஆவது பிரிவிலும் இப்போது 353-ஆவது பிரிவிலும், இந்தத் தொடர் தலைப்பாகவே வருகிறது. படைவீரர்களைக் கலகத்துக்குத் தூண்டும் பேச்சு, பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும் வதந்தி, ஒரு வகுப்பாரை மற்றொரு வகுப்பாருக்கு எதிராகத் தூண்டிவிடும் செய்தி ஆகியவற்றைப் பற்றியது அப்பிரிவு. கனடாவிலோ இதே தொடர் வேறொன்றைக் குறிக்கிறது: நடக்காத குற்றம் நடந்ததாகப் பொய் சொல்லியோ, செய்யாதவர் மீது பழி சுமத்தியோ காவல்துறையை வீண் விசாரணையில் இறக்குவது. ஒரே தொடர் இரு நாடுகளில் இரு வேறு செயல்களைச் சுட்டும்போது, அகராதியைப் பார்த்துப் பெயர்ப்பதைவிட, என்ன நடந்தது என்று செய்தியின் உடலைப் படித்து அதைத் தமிழில் சொல்வதே நேர்மையான வழி. 'வதந்தி பரப்பியதாக வழக்கு', 'பொய்ப் புகார் கொடுத்ததாக வழக்கு' என்று எழுதினால் போதும். இவற்றைப் 'பொதுக் குறும்பு' என்று எழுதியதை நான் அச்சில் கண்டிருக்கிறேன்.

சட்டத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு இடமும் உண்டு. அது குற்றமே அல்ல. 1584-இல் இங்கிலாந்தில் ஹேடன் வழக்கில் நீதிபதிகள் வகுத்த நெறி 'மிஸ்சிஃப் விதி' என்று அழைக்கப்படுகிறது. ஒரு சட்டத்துக்குப் பொருள் காணும்போது, அது வருவதற்கு முன்பு நிலவிய எந்தக் கேட்டை, எந்தக் குறையை நீக்க அது இயற்றப்பட்டது என்று கேட்டு, அந்தக் கேடு நீங்கும்படி பொருள் கொள்ள வேண்டும் என்பது அந்நெறி. சட்டம் பயிலும் மாணவர்கள் இதைக் 'குறும்பு விதி' என்று மனப்பாடம் செய்வதைக் கேட்டு நான் வருந்தியிருக்கிறேன். 'கேடு நீக்க நெறி' என்று சொன்னால் அந்த மாணவருக்குப் பெயரிலேயே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

வீட்டுப் பொருளுக்கு வருகிறேன். அங்கே குறும்பு என்பதே சரியான சொல். கண்களில் 'மிஸ்சிஃப்' மின்னுகிறது என்றால் குறும்பு மின்னுகிறது. குழந்தைகள் வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ 'மிஸ்சிஃப்' நடக்கிறது என்றால் ஏதோ சேட்டை நடக்கிறது. ஆயினும் 'மிஸ்சிஃப்' செய்பவர் என்று வளர்ந்தவர் ஒருவரைச் சொல்லும்போது, பெரும்பாலும் இருவருக்கிடையே கோள் மூட்டிப் பகையை வளர்ப்பவர் என்றே பொருள். நம் மொழியில் அவர் 'கலகமூட்டி'. பிரிட்டிஷ் பேச்சு வழக்கில், பாரமான பெட்டியைத் தூக்கப் போகிறவரிடம் 'உனக்கு நீயே ஒரு மிஸ்சிஃப் செய்துகொள்ளாதே' என்பார்கள். உடம்புக்கு ஊறு தேடிக்கொள்ளாதே என்பதே அதன் பொருள். இது பழைய பொருளின் எச்சம். எலிக் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லே தொகுதிப் பெயராக வழங்குவதுண்டு.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். தங்கள் பகுதியில் இதன் பெயரடை வடிவம் 'மிஸ்சீவியஸ்' என்று அச்சாகியிருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே பலர் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். பல நூற்றாண்டுகளாகவே அந்த வடிவம் இருந்து வருகிறது. ஆனால் எழுத்தில் 'வ்' ஒலிக்குப் பின் 'இ' ஒலிக்கு இடமில்லை. மூன்று அசைகளில், முதல் அசையை அழுத்தி, 'மிஸ்சிவஸ்' என்பதே ஏற்கப்பட்ட ஒலிப்பு. மாணவர்கள் படிக்கும் பகுதி என்பதால் இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. நம் 'குறும்பு' என்ற சொல்லையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்; அங்கே எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இன்று குழந்தையின் சிரிப்போடு சேர்ந்து நினைவுக்கு வரும் இந்தச் சொல் பண்டைத் தமிழில் அப்படி இருக்கவில்லை. குறும்பு என்பது சிற்றரண், அதில் இருந்துகொண்டு அடங்காமல் தொல்லை தந்த குறுநில மன்னர்களின் பகை. திருவள்ளுவர் நாட்டின் இலக்கணத்தைச் சொல்லும்போது,

'பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும்
கொல்குறும்பும் இல்லது நாடு'

என்கிறார். வேந்தனையே அலைக்கழிக்கும், கொல்லும் குறும்பு! அந்தக் குறும்பு எங்கே, இன்று சுவரில் கிறுக்கிவிட்டு ஓடி ஒளியும் பிள்ளையின் குறும்பு எங்கே? ஆங்கிலச் சொல் நடந்த பாதையில் நம் சொல்லும் ஏறத்தாழ அப்படியே நடந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். ஆங்கிலச் சொல் பழைய வீட்டையும் விடவில்லை. நம் சொல்லோ பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தைகளிடமே குடிவந்துவிட்டது. வள்ளுவர் காலத்தில் எவராவது 'மிஸ்சிஃப்' என்பதைக் குறும்பு என்று பெயர்த்திருந்தால் அது மிகச் சரியாக இருந்திருக்கும். இன்று அது பாதிதான் சரி.

குறும்புக்குள் சேதம் அடங்காதா என்று கேட்கலாம். அடங்கும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் சிறு வீட்டைக் காலால் சிதைத்துவிட வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனான பிள்ளையிடம் கெஞ்சுவது அது. பிறர் கட்டியதை வேண்டுமென்றே அழிப்பதுதான். சட்டத்தின் சொற்களைக் கொண்டு பார்த்தால் இலக்கணம் ஏறத்தாழப் பொருந்திவிடும். ஆயினும் அதை நாம் குறும்பு என்று ரசிக்கிறோம். ஏன்? அழிந்தது மீண்டும் ஒரு நாழிகையில் கட்டக்கூடிய மணல் வீடு, அழித்தது குழந்தை, இழந்தவர் முகத்திலும் கோபத்துக்கு அடியில் அன்பே இருக்கிறது. இந்த மூன்றும் இருக்கும் வரை அது குறும்பு. இவற்றில் ஒன்று போய்விட்டாலும் தமிழ் காது அந்தச் சொல்லை ஏற்பதில்லை. அகராதியைவிட இந்தக் காதையே நான் நம்புகிறேன்.

அப்படியானால் இரண்டு முகத்தையும் ஒருசேரத் தாங்கும் தமிழ் வழக்குச் சொல் எதுவுமே இல்லையா? இருக்கிறது, அதைத் தங்கள் பகுதி குறிப்பிடாததுதான் எனக்குப் பெரும் குறையாகத் தோன்றியது. அது 'விஷமம்'. 'பையன் ரொம்ப விஷமம் பண்ணுகிறான்' என்று பாட்டி சொல்லும்போது அதில் செல்லம் இருக்கிறது. 'விஷமிகள் தீ வைத்தனர்', 'விஷமப் பிரச்சாரம்', 'விஷமத்தனமான கேள்வி' என்று நாளிதழில் எழுதும்போது அதே சொல்லில் தீய நோக்கம் இருக்கிறது. பலர் இதை விஷத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள், அது சரியன்று. சமம் அல்லாதது, மேடுபள்ளமானது என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது அது. ஆங்கிலச் சொல்லைப் போலவே வீட்டிலும் வீதியிலும் ஒருசேர வாழும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த சொல்லைக் கொண்டு முழுச் சொல்லையும் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வடசொல் வேண்டாம் என்று கருதுவோர் இடத்துக்கேற்பக் குறும்பு, கேடு, சேதம், கலகம், சூழ்ச்சி என்று எழுதலாம். எனக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை. எந்த இடம் என்று பார்த்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இடத்தில், ஆங்கிலச் சொல்லைவிட எனக்கு அதிக மனவேதனை தரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'சில்மிஷம்' என்ற சொல்லை நம் நாளிதழ்கள் பயன்படுத்தும் விதம் அது. காதலர் செய்யும் சிறு விளையாட்டையும் திருட்டுத்தனமான சீண்டலையும் குறித்த அந்த இலேசான சொல்லை, பேருந்தில் ஒரு பெண் மீது கை வைத்தவன் செயலுக்கும், பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் அத்துமீறியவன் செயலுக்கும் தலைப்பில் இடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் தாக்குதல் என்று பெயரிட்டுச் சொல்லும் குற்றத்தைச் 'சில்மிஷம்' என்று எழுதினால், செய்தவனுக்குச் சிரிப்புக்கு இடம் கொடுக்கிறோம். பாதிக்கப்பட்டவரின் பெற்றோர் மறுநாள் காலையில் அந்தத் தலைப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. சீண்டலைக் கேலியாக்கும் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லையும் இதே வகையில்தான் வைக்க வேண்டும். 1998-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்துக்கே முதலில் அந்தப் பெயர்தான் இருந்தது. பின்னர் அதைப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். சட்டப் புத்தகம் கைவிட்ட இலேசான சொல்லைச் செய்தித்தாளும் கைவிடுவது கடினமான காரியம் அல்ல.

எதிர்த் திசையிலும் தவறு நேராமல் இருக்க வேண்டும். பள்ளியின் மதிப்பீட்டுக் குறிப்பில் ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவனைப் பற்றி 'மிஸ்சிவஸ்' என்று எழுதியிருந்ததை, ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து பொருள் கேட்டார். அவருக்கு முன்பே யாரோ 'தீங்கு செய்பவன்' என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. குறிப்பு முழுவதையும் படித்தேன். பிள்ளை கெட்டிக்காரன், வகுப்பில் பிறரைச் சிரிக்க வைக்கிறான், பாடத்தில் கவனம் சற்றுக் கூடினால் நல்லது என்பதே அதன் போக்கு. 'குறும்புக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்' என்றேன். அந்தத் தாயின் முகம் தெளிந்ததை இன்றும் மறக்கவில்லை. வேலிக் கற்களின் வழக்கில் நான் எந்தச் சொல்லை எழுதித் தவறு செய்தேனோ, அதே சொல் இங்கே சரியாக இருந்தது.

ஆகவே, இந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தரும் இளம் உதவி ஆசிரியர்களிடம், அகராதியைத் திறக்குமுன் யாருக்கு என்ன இழப்பு நேர்ந்தது என்று செய்தியில் தேடச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். உடைந்த சன்னலும் எரிந்த கூரையும் செய்தியில் இருந்தால் 'சேதம்' என்று எழுதட்டும். பொய்யும் தூண்டுதலும் இருந்தால் அவற்றின் பெயரை நேராகவே எழுதட்டும். இழந்தவரும் சிரிக்கிறார் என்றால் தயங்காமல் குறும்பு என்று எழுதட்டும்.

ஞாயிறு இணைப்பின் அடுத்த இதழில் 'மிஸ்சிஃப்' என்ற சொல்லுக்குச் 'சேதம், கேடு, விஷமம்' என்ற பொருள்களையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், வழிபாட்டிடத்தின் சன்னல்களை உடைத்தவர் பற்றிய செய்தியில் வந்த 'குறும்பு' என்ற சொல்லைத் தங்கள் இணையப் பதிப்பிலாவது மாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்துக்கு நாள்தோறும் வழிபட வருபவர்களில் தமிழ் படிப்பவர்களும் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளன்